நாற்காலிக்காரி நின்றுகொண்டே விற்ற மாதம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், கடையும் சுகம். நீயும் சுகம் என்றுதான் போனில் சொல்கிறாய், அந்தப் பேச்சுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் என் சங்கதி. எனக்கு மூலம் வந்திருந்தது, ரத்தமும் வந்தது. முகம் சுளிக்காதே, உடம்பென்றால் எல்லாம்தான் வரும். ஆனால் நாற்காலி விற்கிறவளுக்கு வரலாமா, சொல்? நான் வாயால் விற்கிறவள் இல்லை, வந்தவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன், அவர் வாங்கிவிடுவார். போன மாதம் முழுக்க நின்றபடியே விற்றேன். ஒரு தையல்காரர், ஏம்மா, நீங்களே உக்கார மாட்டேங்கறீங்களே, நாற்காலிக் காலு ஆடுமா என்று கேட்டுவிட்டு ஒரு ஸ்டூல்கூட வாங்காமல் போனார். எனக்கு மானமே போயிற்று. மூலிகைக் கடைக்காரர் டீத்தூள் ஒன்று கொடுத்தார், சோம்பு, புதினா, இன்னும் ஏதேதோ. மூன்று வாரம் அதை மட்டும் நம்பிக் குடித்தேன். வயிற்றுக்கு இதமாகத்தான் இருந்தது, ரத்தம் மட்டும் நிற்கவில்லை. பயந்துபோய் டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் பரிசோதித்துவிட்டு, டீ குடிங்க, வேணாங்கல, ஆனா ரத்தம் எதனால வருதுன்னு டீயா பாத்துச் சொல்லும், மூலமா வேற ஏதாவதான்னு நாங்கதானேம்மா பாக்கணும் என்று விளாசிவிட்டார். களிம்பு, மாத்திரை, காய்கறி, நிறையத் தண்ணீர், கூடவே டீ என்று இப்போது தேறிவிட்டேன். நேற்று இரண்டு சாய்வு நாற்காலி விற்றேன், உட்கார்ந்து.

இனி உன் சங்கதி. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து, ஃபிரெண்டுக்கு மூலமாம், ரத்தம் வருதாம், ஏதாவது டீ இருக்காம்மா என்று கேட்டாய். பேசிய அரை மணி நேரமும் நீ உட்காரவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று சொல்லித் தங்களுக்கு விலை கேட்கிறவர்களை இருபத்தெட்டு வருஷமாகப் பார்க்கிறவளிடமா இந்த வேலை? டீத்தூளைப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன், நீ டாக்டரைப் பார்த்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எனக்குச் சொன்ன பிறகுதான் அனுப்புவேன். வெட்கமாக இருந்தால் வெட்கத்தோடேயே போ, அவர் தினம் பத்துப் பேரைப் பார்க்கிறவர்.

தண்ணீர் குடி, நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. அப்பாவிடம் உன் நண்பனுக்குத்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கே மனுஷன், பாவம் அந்தப் புள்ள சாப்பிட்டானா என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை வரைக்கும் அது நண்பனுக்கு வந்த நோய். அதற்குள் நீ டாக்டரிடம் போகாவிட்டால் சனிக்கிழமை காலையில் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன், அப்புறம் பெட்டியோடு வந்து உன் வாசலில் நிற்கிற அப்பாவை நீயே சமாளித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா