சுதா அக்கா எடுத்த கடன்

ஆனி 12, வியாழன்.

வங்கியில் என் கல்விக் கடன் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என் பெயரில் ஏற்கெனவே ஒரு ஸ்கூட்டர் கடன் இருக்கிறதாம். ஏழு மாதமாகத் தவணை கட்டவில்லையாம். எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது.

புதுக்கடை ஊரில் இருக்கும் பெரியம்மா மகள் சுதா அக்காவுக்கு போன் செய்தேன். எனக்கு வேலைக்குப் பதிந்து தருவதாகச் சொல்லி ஆதார், பான் நகல்களை வாங்கிப்போனவள் அவள்தான். நகல்களில் கையெழுத்துப் போட்டபோது, எதற்காகத் தருகிறேன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அக்காவிடம் அப்படி எழுதிக் கொடுப்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன். பிறகு ஓடிபி கேட்டாள். படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடாமலே சொன்னேன்.

"ஆமாட்டி, உன் பேருலதான் எடுத்தேன். எனக்கு லோன் தரமாட்டோம்னுட்டானுவ. நாந்தானே கட்டப்போறேன்?"

"ஏழு மாசமா கட்டலியேக்கா."

"கட்டுவேம்ட்டி. உன் நகையையா எடுத்தேன்? பேரு என்ன தேஞ்சா போவும்?"

போலீஸில் புகார் கொடுத்தால்தான் கடன் பதிவைத் திருத்த முடியும் என்றார் வங்கி அதிகாரி. கல்லூரியில் பணம் கட்டத் திங்கள்கிழமை கடைசி நாள். அம்மாவிடம் சொன்னேன். "அவளுக்கு ரெண்டு பிள்ளைய உண்டு மக்கா" என்றாள்.

புகாரை நான்கு முறை எழுதிவிட்டேன். நான்கிலும் அவள் பெயர் வர வேண்டிய இடத்தில் 'யாரென்று தெரியாத நபர்' என்றே எழுதியிருக்கிறேன்.