ஸ்டேஷனில் காத்திருந்த ஆள்

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. உடம்பளவில் இங்கே இரண்டு பேரும் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன், அதற்கு மேல் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, பல்கூடத் தேய்க்காமல், டிவி ரிமோட்டிலிருந்து இரண்டு பேட்டரியையும் கழற்றி, ஒரு காலி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு என் கைப்பையின் அடியில் ஒளித்ததுதான். ராத்திரி ஏழரை மணிக்கு உன் அப்பா உங்கள் சீரியலைப் பார்க்கக் கூடாது என்பதற்காக, நாற்பத்தேழு வயதில் சொந்த வீட்டில் திருடி மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்தேன். டிவியிலேயே பொத்தான் இருக்கிறது, கட்டிடம் கட்டிடமாக லிஃப்ட்டைப் பிரித்து மாட்டுகிற மனிதருக்கு அதை அமுக்கத் தெரியாதா என்பது அப்புறம்தான் உறைத்தது. புத்தி அந்த நிலைமையில் இருக்கிறது.

நீ அந்த சீரியலில் வசன உதவியாளராகச் சேர்ந்ததிலிருந்து இந்தக் கட்டிடத்துக்கே நான்தான் புகார்ப் பெட்டி. கீழ்வீட்டுத் தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே படியேறி வந்து, "ஏம்மா, அந்த மாமியார் ஆறு மாசமா கோமாவுல கெடக்கு, உதட்டுச் சாயம் மட்டும் ஒரு நாள்கூட அழியலையே, நர்ஸம்மா போட்டு விடுதா?" என்று கேட்டுவிட்டுப் போவார். நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளியம்மா கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, "மூணு நாளா ஒருத்தி மாடிப்படி இறங்கிட்டே இருக்கா, எங்க வீட்டு மாடியா இருந்தா இந்நேரம் பூமிக்கு அந்தப் பக்கம் போயிருப்பா" என்பார். இதையெல்லாம் நான் உனக்குச் சொல்வதும் நீ போனில் சிரிப்பதுமாக ஒரு வருஷம் நன்றாகத்தான் போனது. மூத்த மருமகளாக நடித்தவரை மாற்றினீர்களே, அன்றைக்குத்தான் எனக்குச் சனி பிடித்தது. முன்பல் கொஞ்சம் எடுப்பாக, கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்து, பேசுவதற்கு முன்னால் ஒரு நொடி தரையைப் பார்க்கிற பெண் அவர். ஒரு திங்கட்கிழமை 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று திரையின் அடியில் ஒரு வரி ஓடியது, அவ்வளவுதான், ஆளைத் துடைத்துப் போட்டாயிற்று. "நேத்து வரைக்கும் நாப்பத்திரண்டு வயசு, இன்னிக்கு இருபத்தஞ்சு, காலேஜ் போற பொண்ணுக்கு இவ அம்மாவாம், நம்ம கண்ணை டெஸ்ட் பண்ணணுமா, அவங்க கண்ணை டெஸ்ட் பண்ணணுமா?" என்று முதலாளியம்மா கேட்டதும் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் முழு மனசோடு இல்லை. ஏனென்றால் அந்தப் பழையவர் பேசியது என் பேச்சு. "நீங்க சாப்பிடுங்க, எனக்குக் கையில வேலை இருக்கு" என்று அவர் சொன்ன விதத்திலேயே நீ என்னைத்தான் எழுதுகிறாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உன்னிடம் நான் காட்டிக்கொள்ளவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருஷம் நான் அடுக்களைக்குள் நின்று சொன்னதை ஒருத்தி காதில் வாங்கி வைத்திருக்கிறாளே என்ற சந்தோஷம்.

ஆனால் ஸ்டேஷன் விஷயத்தை நான் உன்னிடம் கதைக்காகச் சொல்லவில்லையே, கண்ணு. நீ வேலைக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், உன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, ஏனோ வாயில் வந்தது, சொன்னேன். உனக்கு அப்போது ஆறு வயது. வெளியூர்க் கல்லூரி ஒன்றில் இயற்பியல் ஆய்வகத்துக்கு உதவியாளராக என்னை எடுத்து உத்தரவு வந்திருந்தது. உன் அப்பா படித்தார், "பார்க்கலாம்" என்றார், மின்சார ரசீதுகளோடு சேர்த்து ஃபைலில் வைத்தார். மறுபடி கேட்டேன், பார்க்கலாம். சேர வேண்டிய கடைசி நாள் வரைக்கும் பார்க்கலாம்தான். அன்று மதியம் ஒரு பையில் இரண்டு செட் துணியும் சான்றிதழ்களும் எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஸ்டேஷனுக்குப் போய், குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ரயில் வந்தது, நின்றது, போனது. நான் எழுந்திருக்கவில்லை. உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைக்கிற நேரத்துக்கு மழையில் நனைந்துகொண்டே வந்துவிட்டேன். குடையை பெஞ்சிலேயே விட்டிருந்தேன். உன் அப்பா கேட்டபோது பஸ்ஸில் மறந்துவிட்டேன் என்றேன். அவர் ஆசையாக வாங்கிக் கொடுத்த நீலக் குடை. பாவம், இரண்டு நாள் பஸ் டிப்போவுக்கு நடையாக நடந்து, தொலைந்த சாமான்கள் அறையில் தேடிவிட்டு வந்தார். இதை உன்னிடம் சொல்லி நாம் இரண்டு பேரும் சிரித்தோம், ஞாபகம் இருக்கிறதா. சிரித்திருக்கக் கூடாது.

போன வியாழக்கிழமை உங்கள் மூத்த மருமகள் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். பெஞ்ச், குழாய், மழை, ஒன்று விடாமல் வைத்திருந்தீர்கள். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா வழக்கம்போல டெஸ்டரைத் துடைத்துக்கொண்டு பாதிக் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எங்கிருந்தோ ஒருவன் வந்தான், தாடி வைத்தவன், அவள் கையைப் பிடித்தான், நாலு பக்கமிருந்தும் காமிரா நாலு தடவை அதையே காட்டியது. யாருடி அவன்? எங்கிருந்து வந்தான்? வெள்ளிக்கிழமை அவள் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்து, "குடையை பஸ்ல மறந்துட்டேங்க" என்றாள். அப்பாவின் கை அப்படியே நின்றது. டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். விளம்பரம் போட்ட பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "யார் அது?" என்றார். நான் முட்டாள், "புது நடிகர் போல இருக்கு, இப்பதான் வந்திருக்கார்" என்றேன். "நான் நடிகரைக் கேக்கல" என்றார்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருவேளை முடிந்திருக்கும். நான் பயந்து, "எல்லாம் கட்டுக்கதைங்க, நான் எந்த ஸ்டேஷனுக்கும் போகலை" என்று ஒரேயடியாகச் சாதித்துவிட்டேன். குடை மட்டும் எப்படிச் சரியாக வந்தது என்று அவர் யோசிக்காமல் இருப்பாரா? ஸ்டேஷனுக்குப் போனதை மறைக்கிறாள் என்று தெரிந்துவிட்டது, அதனால் ஆளையும் மறைக்கிறாள் என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து ஐந்து நாளாக ஹாலில் படுக்கை. சண்டை போட்டாலும் தாங்கலாம், போடவில்லை. ஷேவ் பண்ணிக்கொண்டே திடீரென்று, "மாடியில குடியிருந்தாரே, தினமும் பேப்பர் வாங்க வருவாரே, அவரா?" என்பார். அந்த மனிதருக்கு அப்போதே எழுபது வயது. மறுநாள், "உனக்கு டைப்பிங் சொல்லிக் குடுத்த வாத்தியாரா?" என்பார். நேற்று ஒன்றும் கேட்கவில்லை, ஏழரைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். கதையைப் பார்க்கவில்லை வாயாடி, தன் பெண்டாட்டி அடுத்து என்ன செய்தாள் என்று பார்க்கிறார். அந்த இருபத்தைந்து வயதுப் பெண் புருவம்கூட அசையாமல் ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு பாவத்தைச் செய்ய, அதெல்லாம் என் கணக்கில் ஏறுகிறது. உன் அத்தைக்கும் எப்படியோ காற்றுவாக்கில் போய், போன் பண்ணி, "நெருப்பில்லாம புகையுமா அண்ணி, பெத்த பொண்ணே எழுதியிருக்கான்னா..." என்று இழுத்தாள். பெற்ற பெண்ணே எழுதியிருக்கிறாள் என்பதுதான் உன் அப்பாவுக்கும் தொண்டையில் சிக்கிய முள். உனக்குத் தெரிந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை நீ போனில் அழுதுகொண்டே, "நான் ஸ்டேஷனும் குடையும் மட்டும்தாம்மா சொன்னேன், ஆளைச் சேனல்காரங்க போட்டாங்க, ஒருத்தி சும்மா போய் உக்காந்துட்டு வந்தா யார் பாப்பாங்கன்னு கேட்டாங்க" என்றாய். நான் அப்போது பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். அப்பா ஹாலில் இருந்தார், அதனால்தான் இதை எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். உன்மேல் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், இருக்கிறது. சோறு வைத்த கையாலேயே உனக்கு இரண்டு வைக்க வேண்டும் போல இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் இதில் பாதிப் பழி அந்த ஆள் மாற்றத்துக்குத்தான். பழையவர் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் யாரும் வர வேண்டியிருக்காது. தரையைப் பார்த்தபடி அவர் உட்காருகிற விதத்திலேயே, இவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, தன்னையே எழுப்பப் பார்க்கிறாள், முடியவில்லை என்று தையல்காரருக்குக்கூடப் புரிந்திருக்கும். புதியவளுக்கு அப்படி உட்காரத் தெரியவில்லை. தலைமுடியை ஒதுக்குகிறாள், கடிகாரத்தைப் பார்க்கிறாள், வாசலைப் பார்க்கிறாள். அவளைப் பார்த்த எவருக்கும் ஒருவன் வரப்போகிறான் என்றுதான் தோன்றும், வந்துவிட்டான்.

இந்தக் கடிதத்தை ஆரம்பித்தபோது உன்னிடம் கெஞ்சத்தான் உட்கார்ந்தேன். எப்படியாவது அடுத்த வாரத்துக்குள் அந்தத் தாடிக்காரனை அவளுடைய அண்ணன் என்று மாற்றிவிடு, கோமாவிலிருந்து மாமியாரை எழுப்பியாவது சொல்ல வை, உங்களால் முடியாததா, செத்தவனையே மூன்று தடவை உயிரோடு கொண்டுவந்தவர்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன், இப்போது அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருக்கிறேன். எனக்கு அண்ணனே கிடையாது என்பது உன் அப்பாவுக்குத் தெரியும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். டிவி சொன்னதால் சந்தேகப்பட்டவர் டிவி சொன்னதால் சமாதானமானார் என்றால், நடுவில் நான் எதற்கு இந்த வீட்டில் இருக்கிறேன்? இன்னொன்றும் புரிந்தது, அதுதான் ஐந்து நாளாகத் தூங்க விடவில்லை. ஒரு ஆள் இருந்தான் என்றால் உன் அப்பா கொதிப்பார், அழுவார், ஒரு நாள் மன்னித்தும் விடுவார், ஏனென்றால் அது அவருக்குப் புரிகிற கதை. ஆளே இல்லை, அடி இல்லை, உதை இல்லை, குடை வாங்கிக் கொடுக்கிற நல்ல மனிதரை விட்டுவிட்டு ஒருத்தி தனக்காக மட்டும் கிளம்பினாள் என்றால், அதை அவர் எங்கே வைப்பார்? உங்கள் சேனல்காரர்களுக்கே அது பிடிபடவில்லையே. அவரை நோகடிக்காமல் இருக்கத்தான் நானும் பதினெட்டு வருஷமாக வாயைத் திறக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அதற்காக இல்லை, சொன்ன பிறகு என் முகத்தை அவர் எப்படிப் பார்ப்பார் என்ற பயம், அவ்வளவுதான்.

அதனால் நீ எனக்காகக் கதையில் எதையும் மாற்ற வேண்டாம். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சனிக்கிழமை சொன்னாயே, அந்தப் பைத்தியக்காரத்தனமும் வேண்டாம். எழுதுகிற கை உனக்கு இருக்கிறது, பெற்றவளின் அலமாரியில் கையை விடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள், அது போதும். அப்பாவுக்கு நீயாக இப்போது போன் பண்ணாதே, அவரே கூப்பிடட்டும். கண்ணை அடிக்கடி கசக்குகிறாய் என்று வீடியோவில் பார்த்தேன், பவர் ஏறியிருக்கும், டெஸ்ட் பண்ணிச் சீட்டை அனுப்பு, லென்ஸ் நானே போட்டு அனுப்புகிறேன். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே. தலை நிமிர்ந்து, மனசு கெடாமல், நூறு வயது நன்றாக இரு, என் ஆசி எப்போதும் உன்னோடு.

இன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டேன், தலைவலி என்று. உன் அப்பா இன்று பன்னிரண்டு மாடிக் கட்டிடம் ஒன்றில் மோட்டார் மாற்றுகிறார், மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறையில் மதியம் வரைக்கும் தனியாகத்தான் இருப்பார். லிஃப்ட் ஓடாது, படியேறித்தான் போக வேண்டும், போகிறேன். ஸ்டேஷனுக்குப் போனேன், அங்கே எனக்காக யாரும் காத்திருக்கவில்லை, உங்களை விட்டுத்தான் போகப் பார்த்தேன், நானாகத்தான் திரும்பி வந்தேன், இந்த நாலையும் இந்த வரிசையில் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன், போ என்றாலும்கூட. இப்படிச் சொல்லப் போவதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

உன்
அம்மா