மாடிக்குப் போன கார்டு

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். இருட்டிக்கொண்டு வந்தது, பெய்யவில்லை. கடையில் மூன்று பிரிண்டர், கீல் உடைந்த லேப்டாப் ஒன்று. நெல் லாரிகள் வரிசை கட்டி நின்றதால் திண்டிவனம் ரோட்டைக் கடக்கவே கால் மணி நேரம்.

விக்னேஷிடமிருந்து மறுபடி மெசேஜ். இனி வி. என்று எழுதுகிறேன். தினமும் எழுத வேண்டியிருக்கும் போலிருக்கிறது. தொண்டூர்ப் பக்கத்துப் பெரிய வீட்டுப் பையன். அவர்கள் வீட்டு நெல் அறுப்பு மிஷினைத்தான் நைனா பதினாலு வருடமாக ஓட்டுகிறார். ஊர்த்தெருவில் அவர்கள், காலனியில் நாங்கள், நடுவில் ஒரு ஏரிக்கரை.

வி. கேம் விளையாடி, அதை நேரலையில் காட்டிச் சம்பாதிக்கப் போகிறானாம். அதற்கு ஒரு கம்ப்யூட்டர். "கிராபிக்ஸ் கார்டு மட்டும் நீங்க செலக்ட் பண்ணுங்க ப்ரோ. நீங்க சொன்னா கண்ண மூடிட்டு வாங்கறேன்."

அவனும் நானும் ஒரே வருடம் இன்ஜினியரிங் முடித்தோம். அவன் வீட்டில் இருந்தால் முயற்சி பண்ணுகிறான். நான் வீட்டில் இருந்தால் தண்டச்சோறு. அதனால் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில் ஸ்குரூ டிரைவரோடு இருக்கிறேன்.

போன மாதம் ஆன்லைனில் ஒரே அணியில் விளையாடினோம். "ப்ரோ, பின்னாடி வாங்க, கவர் குடுங்க" என்று கத்துவான். கொடுப்பேன். அங்கே ஏரிக்கரை கிடையாது.

ஆகஸ்ட் 20, புதன்

வெயில். மதியம் இரண்டு மணி நேரம் கரண்டு இல்லை. அந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதியது:

பெரிய கார்டு – மூன்று ஃபேன். முப்பத்துநாலு சென்டிமீட்டர் நீளம். 24 ஜிபி. தனியாக ஆயிரம் வாட் பவர் சப்ளைப் பெட்டி வேண்டும். எடை இரண்டு கிலோவுக்கு மேல். இவ்வளவும் மதர்போர்டில் ஒரு சின்னப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும். கீழே முட்டுக் கொடுக்காவிட்டால் நாளாவட்டத்தில் வளையும்.

நடுத்தரம் – இரண்டு ஃபேன். 16 ஜிபி. பாதி எடை. வி. வாங்கப்போகும் மானிட்டருக்கு இதுவே தாராளம். அவர்கள் ஊர் வோல்டேஜுக்கும் இதுதான் தாங்கும். சாயங்காலமானால் அங்கே ட்யூப்லைட்டே முனகும்.

என் ஓட்டு நடுத்தரத்துக்கு. வாய்ஸ் மெசேஜில் ஐந்து நிமிடம் விளக்கினேன். கட்டைவிரல் அனுப்பினான்.

அம்மா நெத்திலிக் குழம்பு. முள் ஒன்று இன்னும் பல்லிடுக்கில்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வி.யின் அப்பா கோவிந்தசாமி கடைக்கு வந்தார். எங்கள் ஓனர் செல்வம் ஓடிப்போய் நாற்காலி போட்டார், கூல் டிரிங்க்ஸ் வாங்கி வரச் சொன்னார். வி. அப்பாவுக்குப் பின்னால் நின்றான்.

கம்ப்யூட்டரில் இரண்டு கார்டையும் காட்டினேன்.

"இதுல எது பெருசு?"

"பெருசு இதுங்க. ஆனா தம்பிக்கு..."

"ஆனாவ நான் கேக்கல. எது பெருசு?"

"இதுதாங்க."

"அப்ப இதப் போடு. மிஷின் வாங்கறப்பவும் எல்லாரும் சின்னது போதும்னாங்க. நான் பெருசா எறக்கினேன். உங்கப்பன்தான ஓட்டறான், கேட்டுப் பாரு."

"ஓட்டறாருங்க" என்றேன்.

ஒரு நொடி என்னைப் பார்த்தார். ஓனர் இருமினார். வி. போனைப் பார்த்தான்.

இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்கலாம். நடுத்தரம்தான் சரி என்பதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. ஏன் நிறுத்தினேன்? உண்மையை எழுதிவிடுகிறேன், இதை வேறு யாரும் படிக்கப்போவதில்லை. அந்தப் பெரிய கார்டை ஒரு தடவையாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. என் சம்பளத்தில் அது இந்த ஜென்மத்தில் நடக்காது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கார்டு வந்துவிட்டது. காலையில் தூறல், அட்டைப்பெட்டி மூலை லேசாக நனைந்திருந்தது. உள்ளே சேதமில்லை.

பிரித்தேன். பக்கத்து மளிகைக்கடைத் தராசில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு கிலோ சொச்சம். கடை அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, மூணு ஃபேனு? கரண்டு போனா காத்து வருமா?"

"கரண்டு இருந்தாதான்க்கா இதுக்கே காத்து."

"அப்ப இன்னாத்துக்கு இவ்ளோ பெருசா?"

கார்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன்.

கடை மேசையில் மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டினேன். கேமில் வந்த காட்டில் இலை ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைந்தது. நானும் ஓனரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு குறையும் இல்லை. வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

பிறகு கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்தேன். இவ்வளவு கனமான கார்டை மாட்டியபடி கேபினெட்டைத் தூக்கக்கூடாது. வைக்கிற இடத்தில் வைத்துவிட்டுத்தான் கடைசியில் மாட்ட வேண்டும், முட்டுக்கம்பி கொடுக்க வேண்டும். வி.க்கு அனுப்பினேன்: "உங்க ரூம்ல வச்சுதான் கார்டு மாட்டணும்." கட்டைவிரல்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது.

காலை பத்து மணி, நல்ல வெயில். ஓனரின் ஆட்டோவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனேன். வாசலில் இறங்குவதற்குள் வி.யின் அம்மா உள்ளிருந்தே மகனுக்குக் குரல் கொடுத்தார். "அந்த மிஷின் கொட்டாயிலயே வச்சுச் செய்யச் சொல்லுப்பா. ஃபேன் போட்டு வச்சிருக்குது."

ஃபேன் போட்டுத்தான் இருந்தது. மேசை துடைத்து, செம்பில் தண்ணீர், பக்கத்தில் புது பேப்பர் கப் ஒரு கட்டு. எல்லாம் தயார். யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அதுதான் எரிகிறது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

கொட்டாயில் அறுப்பு மிஷின் நின்றது. அதன் நிழலில் கம்ப்யூட்டரைப் பூட்டினேன். மானிட்டரைக் கீழே கொண்டுவந்தார்கள். சரியாக ஓடுகிறதா என்று எல்லாரும் பார்க்க வேண்டுமாம். கார்டை மாட்டினேன். ஓடியது. வி. என் தோளில் தட்டினான்.

"சூப்பர் ப்ரோ!"

"இப்ப கார்டக் கழட்டிடறேன். மேல போய் மாட்டிக்கலாம்."

வி.யின் தாய்மாமா கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா ஓடுதில்ல? அப்பறம் இன்னாத்துக்குக் கழட்டறது?"

"வெயிட்டுங்க. தூக்கறப்ப ஆடும்."

"நான் தூக்கறேன். நூறு கிலோ மூட்டை தூக்குன தோளுப்பா இது."

"இல்லீங்க, மேல போயி..."

மேலே போய் யார் மாட்டுவது? வி.க்கு மாட்டத் தெரியாது. தெரிந்தவன் நான். நான் மாடிக்குப் போக வேண்டுமென்றால் முன்கூடத்தைத் தாண்டி, சாமி அறையைத் தாண்டிப் போக வேண்டும். அது எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. 'நான் மேலே வரட்டுமா' என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்த கேள்வியைக் கேட்காமலே வளர்ந்தவன்.

"மேல ஒயரு நான் குத்திக்கறேன் ப்ரோ" என்றான் வி., தரையைப் பார்த்து.

மாமா கேபினெட்டைத் தோளில் வைத்தார். நேராக, கார்டு தொங்குகிற வாக்கில். "படுக்க வச்சுத் தூக்குங்க!" என்று வாசலிலிருந்து கத்தினேன். மாடிப்படித் திருப்பத்தில் 'ணங்' என்று ஒரு சத்தம். அப்புறம் மாமா சிரிக்கும் சத்தம்.

ஆட்டோவில் திரும்பும்போதே வி. போன். திரை கறுப்பு.

செப்டம்பர் 1, திங்கள்

வி. காரில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தான். திறந்து பார்த்தேன். கார்டின் பலகையில், பூட்டு விழும் கொக்கிக்குப் பக்கத்தில், தலைமுடி அளவு விரிசல். லென்ஸ் வைத்து ஓனருக்குக் காட்டினேன், வி.க்கும் காட்டினேன்.

"இது அடிபட்டதுதான?" என்றேன்.

"ம்" என்றான் வி. அந்த ஒரு எழுத்துக்கே காதெல்லாம் சிவந்துவிட்டது.

இப்படி அடிபட்டதற்கு வாரண்டி வராது. சென்னையில் இந்த மாதிரி விரிசலை ஒட்டுபவர் ஒருவர் இருக்கிறார். போனில் கேட்டேன். அனுப்புங்க, பார்க்கலாம் என்றார்.

மதியம் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஓனர் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார வைத்தார். கோவிந்தசாமி பேசினாராம். பழுது பார்க்கிற செலவு அவருக்குப் பெரிதில்லை. ஆனால் கடை சர்வீஸ் ஷீட்டில், 'பழுதுக்கான காரணம்' என்ற இடத்தில், கடைப் பையன் மாட்டும்போது கைதவறி உடைத்துவிட்டான் என்று எழுதி, நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"எதுக்குங்க?"

"அவுங்க வீட்டு ஆளு ஒடைச்சான்னு ஊர்ல பேசுவாங்களாம். மச்சானுக்கும் அவருக்கும் ஏற்கெனவே ஆகாது. இதுல வீட்டம்மா வேற அழுவுது. ஒரு வரி தானடா. எழுதிக் குடுத்துடு."

"வீடியோ இருக்குதுங்க. கடையில நல்லா ஓடுன வீடியோ."

"வீடியோவ வச்சுகினு இன்னா பண்ணப் போற? கோர்ட்டுக்குப் போவியா? நாலு ஸ்கூல் ஆர்டர் அவரு சொன்னாதான் நமக்கு வரும். நான் உன்னத் திட்டல. நீ ஒடைக்கலன்னு எனக்கும் தெரியும்."

தெரியும் என்கிறார். தெரிந்தவர்கள்தான் எழுதச் சொல்கிறார்கள்.

இந்த ஊரில் எனக்கு என்ன இருக்கிறது? நிலம் இல்லை, தெரிந்த ஆள் இல்லை. கை ஒன்றுதான். 'அந்தப் பையன் தொட்டா ஓடும்' என்று நாலு பேர் சொல்வதை வைத்துத்தான் அடுத்த வருடம் தனியாகக் கடை போடும் யோசனை. அந்தக் கை சரியில்லை என்று நானே எழுதிக் கொடுத்தால், அப்புறம் எவன் என்னிடம் கம்ப்யூட்டரைத் தருவான்?

வெள்ளிக்கிழமை வரை நேரம் கேட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

நேற்று சாயங்காலம் நல்ல மழை. இன்று மிஷின் சேற்றில் இறங்காது என்பதால் நைனா வீட்டில் இருந்தார். செய்தி ஏற்கெனவே எட்டிவிட்டது.

"எழுதிக் குடுத்துட்டு வாடா. உனுக்கு இன்னா போவுது?"

"என் பேரு போவுது நைனா."

"பேரு! பதினாலு வருஷமா ஓட்டறேன். கல்லு மாட்டி பிளேடு போனாலும் என் தப்புதான், டீசல்ல தண்ணி இருந்தாலும் என் தப்புதான். சரிங்கன்னு சொல்லிட்டு வருவேன். சோறு நின்னுச்சா?"

"அந்த வீட்டு மாடிப்படி எந்தப் பக்கம் இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

பீடியைத் தேடினார். கிடைத்தும் பற்ற வைக்கவில்லை.

"நான் அந்தப் படி ஏறணும்னு நெனச்சதே இல்லடா. அதனால எனக்கு ஒண்ணும் ஒடையல."

அம்மா இருவரையும் பார்த்துவிட்டு முருங்கைக்கீரை உருவப் போய்விட்டார்.

அவர் மேல் கோபப்பட முடியவில்லை. அதனால் என் கோபத்துக்குப் போக இடமில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கோட்டை வரை மிதித்தேன். காலேஜ் பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

வி.யிடமிருந்து மெசேஜ்: "சாரி ப்ரோ. அப்பா பத்தி உங்களுக்குத் தெரியும்ல."

செப்டம்பர் 5, வெள்ளி

ஷீட் எழுதிவிட்டேன்.

வெள்ளைத்தாள் கடைக்கு, அடியில் மஞ்சள் தாள் வாடிக்கையாளருக்கு. பழுதுக்கான காரணம்: 'கார்டை அறையில் வைத்தே பொருத்த வேண்டும் எனத் தெரிவிக்கப்பட்டது. பொருத்துபவர் வீட்டுக்குள் அழைக்கப்படவில்லை. கார்டுடன் தூக்கிச் சென்றபோது படியில் இடித்து விரிசல்.' என் கையெழுத்து. திட்டு வார்த்தை ஒன்றும் இல்லை. மூன்று தடவை படித்துப் பார்த்தேன். எல்லாம் நடந்தது.

ஓனர் படித்தார். "உனக்குக் கொழுப்புடா" என்றார். கிழிப்பார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. "வாடிக்கையாளர் கையெழுத்து இல்லாம இது செல்லாது. விக்னேஷ் போட மாட்டான். அப்ப வேற எழுதுவ. சரியா?"

சரி என்றேன்.

பதினொரு மணிக்கு வி. தனியாக வந்தான். ஷீட்டை அவன் முன்னால் வைத்தேன். ரொம்ப நேரம் படித்தான். மூன்று வரிதான்.

"இத கொஞ்சம் மாத்தி எழுதலாமே ப்ரோ."

"எதப் பொய்யின்னு சொல்லுங்க. அத மாத்தறேன்."

"பொய்யின்னு சொல்லல. ரெண்டாவது வரி மட்டும்..."

"அந்த வரி இல்லன்னா மூணாவது வரி எதுக்கு நடந்துச்சுன்னு புரியாது."

தெருவில் ஒரு பஸ் 'மேல்சித்தாமூர், மேல்சித்தாமூர்' என்று ஆள் கூப்பிட்டுக்கொண்டு போனது. ஓனர் கணக்கு பார்ப்பது போல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

வி. பேனாவைக் கேட்டான். கையெழுத்துப் போட்டான். முழுப் பெயர், இனிஷியலோடு. என்னைப் பார்க்கவில்லை. மஞ்சள் தாளை நீட்டினேன், வாங்கவில்லை. போய்விட்டான்.

ஓனர் கால்குலேட்டரைத் தள்ளி வைத்தார். "இனிமே வெளி வேலைக்கு நீ போவாத. கடையிலயே இரு" என்றார். கார்டை மதியக் கூரியரில் சென்னைக்கு அனுப்பினேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வானம் வெளுத்துவிட்டது. இரண்டு நாள் வெயிலில் சேறு இறுகிவிட்டது. ஏரிக்குக் கீழே நெல் எல்லாம் பழுத்துத் தலை சாய்ந்து நிற்கிறது. மிஷின்கள் ஓடவேண்டிய நாள்.

ஆறு மணிக்குப் பெரிய வீட்டிலிருந்து நைனாவுக்குப் போன். இந்த வாரம் வர வேண்டாமாம். வேறு டிரைவர் பார்த்திருக்கிறார்களாம். நைனா "சரிங்க" என்றார். "சரிங்க, சரிங்க." வைத்தார்.

நான் ஷூவைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஷூவுக்கு வேலையில்லை. திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

தூரத்தில் மிஷின் கிளம்பும் சத்தம் கேட்டது. நைனா தலையைச் சாய்த்துக் கேட்டார். "கிளட்சு புடிக்கத் தெரியல அவனுக்கு" என்றார், அம்மாவிடம். டீயை முழுக்கக் குடித்து முடித்தார்.

பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தப் பையன் கையெழுத்துப் போட்டானா?"

"போட்டான் நைனா."