ஆற்றுக்கு வந்த தொப்பை

ஜூலை 4, வெள்ளி

அக்கா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் ஆற்றை ஒரு காலத்தில் அடிஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக்கி, இரண்டு பக்கமும் சிமெண்டுச் சுவர் கட்டினார்களாம். இப்போது அதே ஆற்றை வளைக்க வந்திருக்கிறார்கள். வளைந்தால்தான் வெள்ளம் நிதானமாகப் போகுமாம், ஓரத்துச் சதுப்பு நிலத்துக்கும் தண்ணீர் ஏறுமாம். பொக்லைன் ஓட்டுவது அம்மா. "நேரா வெட்டத்தான்டி எனக்குக் கத்துக் கொடுத்தாங்க. இப்ப கோணலா வெட்டுனா கைதட்டுறாங்க" என்கிறாள்.

எங்கே வெட்ட வேண்டும் என்று காட்ட, சிவப்பு ரிப்பன் கட்டிய முளைகளை வரிசையாக அடித்திருக்கிறார்கள். சாயங்காலம் நாங்கள் அதில் ஏழு முளைகளைப் பிடுங்கி கிரிக்கெட் விளையாடினோம். ஆறு ஸ்டம்புக்கு. ஒன்று அம்பயர் கம்பீரமாகப் பிடித்துக்கொள்ள. முடிந்ததும் திரும்ப நட்டுவிட்டோம். அதே இடத்தில்தான். ஏறக்குறைய.

ஜூலை 7, திங்கள்

அந்த இடத்தை அம்மா இன்று வெட்டி முடித்துவிட்டாள். "நூல் பிடிச்ச மாதிரி முளையை ஒட்டியே வந்துச்சு" என்று சாப்பிடும்போது சொன்னாள். எனக்குப் புரையேறியது.

ஜூலை 8, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். இன்ஜினியர் வரைபடத்தை நேராகப் பிடித்துப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். எப்படிப் பிடித்தாலும் ஆற்றுக்கு ஒரு தொப்பை இருந்தது. வரைபடத்தில் இல்லாத தொப்பை. ஒன்பது மீட்டர்.

"யாரைக் கேட்டும்மா இங்க வெட்டுனீங்க?"

"முளையைக் கேட்டு வெட்டுனேன் சார்."

"முளை தானா நடந்து போச்சா?"

ஆமாம் சார், என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனது. இது மனசுக்குள் மட்டும்.

விசாரணை முடியும்வரை அம்மா வேலைக்கு வர வேண்டாமாம். விசாரணை என்றால் என்னையும் கூப்பிடுவார்களா? போலீஸ் வருமா?

ஜூலை 9, புதன்

அம்மா வீட்டில் இருக்கிறாள். காலையில் அலமாரியை ஜன்னல் பக்கம் நகர்த்தினாள். மத்தியானம் பழைய இடத்துக்கே நகர்த்தினாள். "பதினோரு வருஷத்துல ஒரு தடவைகூட முளை தாண்டினதில்ல" என்று அலமாரியிடம் சொன்னாள்.

ஜூலை 10, வியாழன்

அம்மாவிடம் சொல்லத்தான் போனேன். வாய் திறந்ததும் பல் வலி என்று சொல்லிவிட்டேன். இப்போது கடைவாயில் கிராம்பு. எரிகிறது.

ஜூலை 14, திங்கள்

மூன்று நாளாக மழை. ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. நானும் அக்காவும் ஒரே குடையில். அடித்துக்கொண்டு வந்த வெள்ளம் அந்தத் தொப்பைக்குள் புகுந்ததும் சாதுவாகிவிட்டது. அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றி, மெதுவாகச் சதுப்பு நிலத்துக்குள் இறங்கியது. தெருவுக்கு ஒரு சொட்டு வரவில்லை.

பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். "தண்ணி இங்க வந்து மூச்சு வாங்குது பாருங்க. யாரு யோசனை இது?"

இன்ஜினியர் தொண்டையைச் செருமினார். "நம்ம யோசனைதான் சார்."

"பாத்தியா, அம்மாவை வீட்டுல உக்கார வச்சுட்டு இவரு பேர் வாங்குறாரு" என்று அக்கா பல்லைக் கடித்தாள். நான் கிராம்பைக் கடித்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே மூச்சில் சொன்னேன். ஒரு சட்டையை நான்கு தடவை மடித்தாள். அப்புறம், "செருப்பை எடுத்துட்டு வா" என்றாள். அடிக்கத்தான் என்று நினைத்துப் பழைய செருப்பாகப் பார்த்து எடுத்துவந்தேன். "என்னோடது இல்லடி, உன்னோடது. போட்டுக்கிட்டுக் கிளம்பு."

இன்ஜினியரின் அறையில் மறுபடி சொன்னேன். எங்கோ என் குரல் கீச்சுக் கீச்சென்று கேட்டது. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா பாப்பா?"

"இல்ல சார்."

"சொல்லாத."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் முளை தாண்டி வெட்டலைன்னு எழுதிக் குடுங்க சார். யோசனையை நீங்களே வச்சுக்குங்க."

எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் நடு மண்டையில் ஒரு குட்டு. இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் அளவெடுப்பவருக்கு நான் நாடா பிடிக்க வேண்டுமாம்.

ஜூலை 20, ஞாயிறு

வெயிலில் நாடா பிடித்து விரல் சிவந்துவிட்டது. அடுத்த வளைவுக்கு முளை அடிக்கிறார்கள். இன்ஜினியர் வரைபடத்தைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"பாப்பா, நீயா இருந்தா இதை எங்க நடுவ?"

பொக்லைன் மேலிருந்து அம்மா நீளமாக ஹார்ன் அடித்தாள்.

நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். "வரைபடத்துல இருக்கிற இடத்துல சார்."