உன் வாய்க்கு என் வக்காலத்து

என் சண்டைக்காரி தனத்துக்கு,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. செத்துப்போன நாத்தனாருக்கு எந்த அண்ணி கடிதம் எழுதுவாள் என்று கேட்பாய். அதுவும் நான்கு வருடம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசாதவள். கேட்டால் கேட்டுக்கொள். எழுதத்தான் போகிறேன்.

அந்த நான்கு வருடச் சண்டை எதற்கு என்று உனக்கு நினைவிருக்கிறதா? உன் அம்மா, என் மாமி, படுக்கையில் கிடந்தபோது, கிள்ளான் வீட்டில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் நீ கேட்டாய்: "மருமக எத்தனை நாள் வந்து பார்த்தாங்க? விரல் விட்டு எண்ணுங்க பார்ப்போம்." நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நீ கேட்டதில் பாதி உண்மை. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. இதை உன்னிடம் நேரில் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு ஒரு நாள் காலையில், பிரிக்பீல்ட்ஸில் நான் உதவியாளராக வேலை செய்யும் பல் கிளினிக்கின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாய். நான் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்பும் இல்லை, மழுப்பலும் இல்லை. "அண்ணி, நாக்குல கேன்சராம். ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. கரண்டு வைக்கிறதுக்கு முன்னாடி பல்லை எல்லாம் பார்த்துட்டு வரச் சொல்லிட்டாங்க. வேற எங்க போறது? நீங்கதான் இருக்கீங்கள்ல." அவ்வளவுதான். நான்கு வருடம் அந்த ஒரு மூச்சில் முடிந்துபோனது.

வெற்றிலை போட்டவள் இல்லை, சிகரெட் பிடித்தவள் இல்லை. எப்படி வந்தது என்று ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டருக்கே தெரியவில்லை. எங்கள் பல் டாக்டர் உன் வாயைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் மூன்று கடைவாய்ப் பற்களை எடுத்தாக வேண்டும் என்றார். கதிர், அதாவது நீ சொன்ன கரண்டு, வைத்த பிறகு பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு லேசில் ஆறாது, எடுப்பதென்றால் இப்போதே எடுத்து, புண் ஆறிய பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும் என்று விளக்கினார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "மூணா? அம்மா விஷயத்துல கேட்டதுக்குப் பழி வாங்குறீங்களா அண்ணி?" எங்கள் டாக்டர் ஒன்றும் புரியாமல் முழித்தார். நான் முகக்கவசத்துக்குள் சிரித்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்பதால் எங்கள் பிளாட்டுக்கே வந்து தங்கினாய். முப்பது தடவை கதிர், வாரத்துக்கு ஐந்து நாள். முதல் இரண்டு வாரமும் நீ நீயாகத்தான் இருந்தாய். என் சமையலைக் குறை சொன்னாய், டிவி சத்தத்தைக் குறை சொன்னாய், உன் அண்ணன் துணி காயப்போடும் விதத்தைக் கூட விடவில்லை. பிறகு ஒரு மதியம் சொதியை வாயில் வைத்துவிட்டு, "பேப்பரைத் தண்ணியில ஊற வச்சுக் குடுத்த மாதிரி இருக்கு" என்றாய். ருசி போய்விட்டது. அடுத்து எச்சில் பசை மாதிரி ஆனது. அதற்கடுத்து உன் சத்தம் குறைந்தது. கடைசியில் பேச்சே நின்றது.

ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கிக் கொடுத்தேன். அதில் எழுதி எழுதிக் காட்டினாய். வாரா வாரம் டாக்டர் பார்க்கும்போது என்ன சொன்னாய் என்று கேட்டால், கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவாய். உன் அண்ணனும் வெளியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, "ஓகேன்னுதான் சொன்னாளாம்" என்பார். நானும் நம்பினேன். இருபத்திரண்டு வருடமாக வாய்களையே பார்த்து வேலை செய்கிறவள், என் வீட்டில் இருந்த ஒரு வாயைப் பார்க்காமல் விட்டேன். ஏன் விட்டேன்? நீ கடிப்பாய் என்று பயமா?

நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை. காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நீ கட்டிலில் துண்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நோட்டை நீட்டினாய். 'இன்னிக்குப் போகல. இனிமேயும் போகல.'

"வாயைத் திற" என்றேன்.

தலையை ஆட்டினாய்.

"ஊர்ல உள்ளவங்க வாயை எல்லாம் திறந்து பார்த்தவ நான். உன் வாய்க்கு மட்டும் விசா எடுக்கணுமா? திற லா!"

கையுறை போட்டு, கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். நாக்கும் கன்னத்தின் உள்பக்கமும் தோல் உரிந்து ரத்தச் சிவப்பு. அதன் மேல் தயிர்த் திப்பி மாதிரி வெள்ளை வெள்ளையாகப் படை. உதட்டின் இரண்டு ஓரமும் வெடித்திருந்தது. பல் தேய்த்தாயா என்று கேட்டேன். வலிக்கிறது என்று விட்டுவிட்டாயாம். அதற்குப் பதிலாக, கடையில் விற்கிற காரமான மௌத்வாஷால் ஒரு நாளைக்கு நான்கு தடவை கொப்பளித்திருக்கிறாய். 'எரிஞ்சாதான் கிருமி சாகும்னு நெனச்சேன்' என்று எழுதினாய். ஸ்பிரிட் கலந்த தண்ணீரை, தோலில்லாத வாயில் ஊற்றிக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் தனியாக நின்றிருக்கிறாய். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

வேகமாக எழுதினாய். 'ஆஸ்பத்திரியில பக்கத்துல உக்காந்திருந்த ஆன்டி, எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னாங்க. குறை சொன்னா கரண்டை நிறுத்திருவாங்க. நிறுத்தினா அது திரும்ப வந்துரும்.'

அப்போதுதான் புரிந்தது. உனக்குப் பயம் வலியைப் பற்றிக்கூட இல்லை, கரண்டை நிறுத்திவிடுவார்கள் என்பதைப் பற்றி. யாருக்கும் பயப்படாதவள் என்று ஊரே நினைத்த நீ, பயந்துபோய் 'ஓகே' சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"ஷா ஆலம்ல நீ வேலை பார்க்குற பேக்டரியில மேனேஜரை நிக்க வச்சுக் கேள்வி கேட்டவ நீ. என்னைய அத்தனை பேர் முன்னாடி கேட்டவ. அந்த வாய் வலிக்குதுன்னு சொல்ல மட்டும் உனக்கு வாய் இல்லையா? கிளம்பு. நீ சொல்லலன்னா நான் சொல்றேன்."

கிளினிக்குக்கு லீவு சொன்னேன். நாம் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தோம். நான் வாயைத் திறப்பதற்குள் நீ நோட்டைத் திறந்தாய். வரும் வழியிலேயே ஒரு பக்கம் முழுக்க மலாயில் எழுதி வைத்திருந்தாய். அந்த மலாய்க்கார டாக்டர் பெண் அதைப் படித்துவிட்டு உன் கையைப் பிடித்துக்கொண்டார். "கெனாப்பா தக் சாக்காப், காக்?" என்றார். ஏன் சொல்லவில்லை அக்கா?

யாரும் எதையும் நிறுத்தவில்லை. அன்றைக்கே கதிரும் வைத்தார்கள். வெள்ளைப் படை பூஞ்சையாம், அதற்கு மருந்து. சாப்பிடுவதற்கு முன்னால் வாயை மரத்துப்போக வைக்க ஒரு கொப்பளிக்கும் மருந்து. வலிக்கு இன்னும் கனமான மருந்து. எடை ரொம்பக் குறைந்துவிட்டதால் சாப்பாடு இறங்க மூக்கு வழியாக ஒரு டியூப். உப்பும் சோடா மாவும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொப்பளிக்கச் சொன்னார்கள். உன்னுடைய எரிகிற மௌத்வாஷை நான் சிங்க்கில் கவிழ்த்தேன். குழந்தைகள் தேய்க்கிற பஞ்சு மாதிரி பிரஷ் ஒன்றை எங்கள் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்தேன். மூன்று நாளில் நீ இரவு முழுக்கத் தூங்கினாய். ஐந்தாவது நாள் நோட்டில் என் சாம்பாரைக் குறை சொன்னாய். நீ அதைச் சாப்பிடக்கூட இல்லை, வாசம் பிடித்தே சொன்னாய்.

டியூபோடு கொமுட்டர் ரயிலில் போனதை மறக்க முடியுமா? எதிர் சீட்டில் ஒருத்தன் உன் மூக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி அவன் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாய். 'புது மாடல் மூக்குத்தி.' அவன் தமிழன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஓடினான்.

முப்பதையும் முடித்தாய். ஒரு நாள்கூட விடவில்லை. அதன் பிறகும் வாய் உடனே உன் பக்கம் வந்துவிடவில்லை. எச்சில் வற்றிப்போய், ரொட்டித் துண்டு தொண்டையில் நின்றது. தாடை இறுகாமல் இருக்க, ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்து, வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டினாய். எட்டு மாதம் கழித்து என் மீன் கறியை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "எரியுது அண்ணி, நல்லா எரியுது!" என்று சிரித்தாய். நான் சமைத்ததில் நீ பாராட்டிய ஒரே கறி அதுதான்.

வேலைக்குத் திரும்பினால், மெஷின் பக்கம் தண்ணீர் போத்தல் வைக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் தடுத்தான். உன் நாக்கு அப்போது கொஞ்சம் குழறும். குழறிக்கொண்டே சொன்னாயாம்: "எச்சில் ஊறாதவளுக்குத் தண்ணிதான் எச்சில், பொஸ். வாயைக் கழட்டி லாக்கர்ல வச்சுட்டு வரவா?" டாக்டர் கடிதத்தையும் மேசையில் வைத்தாய். போத்தல் உன் பக்கத்திலேயே நின்றது.

மூன்றாவது வருடம் நுரையீரலில் வந்தது. அதற்கு உன்னிடமும் வழியில்லை, என்னிடமும் இல்லை. கடைசி வாரம் பஞ்சுக் குச்சியை நனைத்து உன் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ பக்கத்துக் கட்டிலைக் காட்டி நர்ஸிடம், "அந்தக்கா வாயையும் பாருங்க. வெடிச்சுக் கிடக்கு. அவங்க சொல்ல மாட்டாங்க" என்றாய். என் காதில் விழுந்த உன் கடைசிச் சண்டை அது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ஒரு கிரகப்பிரவேசம். பந்தியில் உட்கார்ந்திருந்தோம். உன் பேச்சு வந்தது. எதிரில் இருந்த உன் பெரியம்மா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்: "என்னா வாய் பேசுவா! ஒருத்தரையாச்சும் விட்டு வச்சாளா? அதான் சாமி வாயிலயே குடுத்துருச்சு."

எல்லாரும் இலையைப் பார்த்தார்கள். உன் அண்ணனும் இலையைத்தான் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். கையில் சோறு அப்படியே இருந்தது.

"பெரியம்மா, அவ வாயால அதிகமா வாங்கிக் கட்டிக்கிட்டவ நான். எனக்கே அந்த வாய் மேல கோபம் இல்ல. உங்களுக்கு என்னா? கைக்குழந்தைக்கும்தான் கேன்சர் வருது. அது யாரைத் திட்டுச்சு? சொல்லுங்க. பதில் சொல்லிட்டு அப்பளம் சாப்பிடுங்க."

பக்கத்தில் இருந்த ஒரு மாமா சமாதானமாக, "விடும்மா, அவ்வளவு கஷ்டப்பட்டும் என்னா புண்ணியம், போயிட்டாள்ல" என்றார்.

அவரையும் விடவில்லை. "புண்ணியம் இருக்கு மாமா. ரெண்டு வருஷத்துக்கு மேல வேலைக்குப் போனா. மீன் கறி சாப்பிட்டா. என்கூடச் சண்டை போட்டா. அந்த நாளுங்க எல்லாம் அவ சம்பாதிச்சது. கணக்குல இல்லன்னு நீங்க சொல்லாதீங்க."

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. திரும்பி வரும்போது, காரில் உன் அண்ணன், "நான் சொல்லியிருக்கணும்" என்றார். "ஆமா, நீங்கதான் சொல்லியிருக்கணும்" என்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். நான் செய்தது சரியா, தனம்?

இன்னொரு செய்தி. அடுத்த சனிக்கிழமை, கதிர் சிகிச்சை ஆரம்பிக்கப் போகிறவர்களிடம் தமிழில் பேச வேண்டும் என்று அந்த மலாய்க்கார டாக்டர் பெண் என்னைக் கேட்டிருக்கிறார். மைக் பிடித்துப் பழக்கமில்லை, முடியாது என்றுதான் முதலில் சொல்ல வந்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அங்கே யாரையும் பொறுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் என்று சொல்லி யார் வாயையும் அடைக்க மாட்டேன். வலித்தால் சொல்லுங்கள், கேட்கிற வரைக்கும் சொல்லுங்கள், மருந்து எழுதிக் கொடுக்கும் வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள் என்பேன். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை மைக்கை விட மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னிடம் திட்டு வாங்கிய, இனி உனக்காகத் திட்டப்போகும்
உன் அண்ணி விஜயா
பிரிக்பீல்ட்ஸ்