டர்பன் கப்பல் முதலாளி

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. மூக்கடைப்பு. தம்பி வந்தான், மகள் கல்யாணப் பத்திரிகையோடு. தாம்பாள அளவு, தங்க ஓரம். பூட்டனார் பெயருக்கு முன்னால் ‘டர்பன் துறைமுகக் கப்பல் முதலாளி’! சம்பந்தி வீடு பெரிய இடமாம். தச்சநல்லூர் அரிசி மண்டி மட்டும் போதாதாம். முகநூலிலும் போட்டுவிட்டான்.

மண்டபத்தில் கொடுக்க, தென்னாப்பிரிக்க டர்பன் பற்றி ஒரு பக்கம் வேண்டுமாம். பாளையங்கோட்டையில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான்தானே. எழுதினேன். மணல்திட்டைத் தோண்டி ஆழமாக்கிய துறைமுகம். சர்க்கரை ஏற்றுமதி. கரும்பு வெட்ட, ஐந்து வருஷ ஒப்பந்தத்தில், இங்கிருந்து கப்பல் கப்பலாகக் கூலி ஆள்.

வாசித்தான். "கூலிய எடுத்துரு, யக்கா. கப்பல் மட்டும் இருக்கட்டும்."

எடுத்தேன். ஆசிரியை!

வாங்க வேண்டியது: மூக்குச் சொட்டு மருந்து, பச்சை நூல்.

பிப்ரவரி 19, வியாழன்

வெயில் ஆரம்பம். முகநூலில் பார்த்து டர்பனிலிருந்தே ஒருவர் வந்து நிற்கிறார். பெயர் லோகன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். தாத்தா அதே துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை சுமந்தவராம், பெருமையாகச் சொன்னார். கையில் பழைய கூலி ஒப்பந்தக் காகிதத்தின் நகல்: எங்கள் பூட்டன் பெயர், ஒரு எண், கரும்புத் தோட்டம். இங்கே கைக்குழந்தையை விட்டுப் போன மனுஷனுக்கு அங்கேயும் ஒரு குடும்பம்; இவர் அந்த வழி.

அது வேறு ஆள் என்றான் தம்பி. இந்தப் பக்கம் யாரும் கேட்கிற கேள்வியை நான் கேட்டேன். குலதெய்வம் எந்தச் சாஸ்தா? லோகனுக்குத் தமிழ் தட்டுத்தடுமாற்றம். இதற்கு மட்டும் தடங்கலே இல்லை.

"சுனைக்கரை சாஸ்தா. வீட்ல விளக்கு வச்சா அந்தப் பேர் சொல்றது."

எங்கள் பிறந்த வீட்டுச் சாஸ்தாவேதான். ஒரே சாஸ்தா என்றால் பங்காளி. தம்பி முகத்தில் ஈயாடவில்லை. அடுக்களைக்கு வந்து, அவரைப் பைய ஊருக்கு அனுப்பிவிடச் சொன்னான். த்தூ! அரிசிக்காரனுக்கு வந்த பவிசு.

வெற்றிலை பாக்கு வைத்து நானே லோகனைக் கல்யாணத்துக்கு அழைத்தேன். கண் கலங்கிவிட்டார். எனக்கு ஒரே மிதப்பு.

பிப்ரவரி 22, ஞாயிறு

கல்யாணம். சாம்பாரில் உப்பில்லை. மேடை முழுக்கப் பிளாஸ்டிக் பூ. தம்பிக்குப் பட்டுச் சட்டை, பார்க்கச் சகிக்கவில்லை. லோகன் முதல் வரிசையில், புது வேட்டி, அதன்மேல் பெல்ட்.

போட்டோவுக்குப் பங்காளிகளைக் கூப்பிட்டார்கள். லோகன் எழுந்தார். என்னைத்தான் பார்த்தார். சம்பந்தியம்மாள், கழுத்து நிறைய நகை, என் பக்கம் திரும்பினாள்.

"அவுக யாரு? அவுகளுக்கும் உங்க சாஸ்தாதானா?"

தம்பியை இத்தனை திட்டி எழுதியவள் நான்.

"இல்ல. ஊர் பாக்க வந்தவுக" என்றேன்.

அந்த அளவு தமிழ் அவருக்குப் புரியும். உட்கார்ந்துவிட்டார்.