வைட்னருக்கு அடியில் ஒரு 'ஆம்'

அனுப்புநர்:
வரிசை எண் 17,
இறுதியாண்டு, வேளாண் வணிகத் துறை.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாக அலுவலகம்.

பொருள்: எங்கள் படிப்பை மூடக் காரணமான கருத்துப் படிவத்தை மறுபடி வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இது புகார் மனுதான். ஆனால் முதல் புகார் என்மேலேயே.

1. சென்ற மாதம் தங்கள் அலுவலகம் தந்த படிவத்தில் ஒரே ஒரு கேள்வி இருந்தது: "படிப்பு முடிந்ததும் விவசாயத்துக்குப் போவீர்களா?" நாங்கள் படிப்பதோ கிடங்கு, போக்குவரத்து, விற்பனை. ஏர் பிடிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று வகுப்பே சிரித்தது. நாற்பத்தொரு பேரும் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தோம்.

2. நான் முதலில் எழுதியது 'ஆம்'. விடுமுறையில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஆறு வாரம் பயிற்சி பெற்றேன். அங்கே முதலில் வந்த தக்காளிப் பெட்டியை முதலில் அனுப்புவார்கள். முதலில் பழுப்பது முதலில் போகட்டும் என்று நான் சொன்னதை மேலாளர் கேட்டார். அழுகல் பாதியாகக் குறைந்தது. அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று, ஐயா. அதைச் சொல்லிச் சொல்லியே வகுப்பில் எனக்குத் 'தக்காளி' என்று பெயர்.

3. பக்கத்தில் இருந்த தோழி என் படிவத்தை எட்டிப் பார்த்து, "ஏய் தக்காளி, டிகிரி வாங்கிட்டு கூடை தூக்கப் போறியா?" என்றாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. வைட்னர் பூசி, மேலே 'இல்லை' என்று எழுதி, நானும் கும்பலோடு கோவிந்தா போட்டுவிட்டேன்.

4. மாணவர்களுக்கு ஆர்வமில்லாததால் அடுத்த ஆண்டு சேர்க்கை கிடையாது என்று இப்போது அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. இப்படிப்பைத் தொடங்கிய எங்கள் பேராசிரியைக்கு மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. மன்னிப்புக் கேட்கப் போனேன். மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். "விடும்மா. ஒருத்தராவது 'ஆம்'னு போட்டிருந்தா, அதை வெச்சே நான் சண்டை போட்டிருப்பேன்" என்றார். அந்த ஒருத்தி நான்தான் என்று சொல்லாமலே விடுதிக்குத் திரும்பிவிட்டேன்.

ஆகவே, 'விவசாயம்' என்ற சொல்லை மாற்றி 'வேளாண் வணிகம்' என்று போட்டு மறுபடி கேளுங்கள். மற்றவர்கள் என்ன எழுதுவார்கள் என்று நான் உறுதி தர இயலாது. அதற்குமுன், பதினேழாம் எண் படிவத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பேனாவை அழுத்தி எழுதுவது என் பழக்கம். பழைய எழுத்து தெரியும். அதை ஒரு 'ஆம்' என்று கணக்கில் எடுத்து, பேராசிரியை கிளம்புமுன் அவருக்குத் தெரிவிக்குமாறு மிகப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: மாணவியர் விடுதி
நாள்: 14, செவ்வாய்

இம்முறை அழிக்காமல் எழுதும்,
(ஒப்பம்) தக்காளி